முயல் காய்ந்த புல் தின்ன மாட்டேங்குதா? முதல்ல புல்லை மோந்து பாருங்க

எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் பனியன். திருப்பூரில் வெள்ளை வெளேர் என்று ஒரு குட்டி வீட்டுக்கு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? வாங்கிய இடத்தில் ஒரு கிலோ பெல்லட்டும் (அரைத்துக் குச்சி குச்சியாக அழுத்திய கடைத் தீவனம்) கொடுத்து, "இதே போதுமுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். நானும் எட்டு மாதம் கிண்ணம் நிறைய அதையே கொட்டினேன். போதாக்குறைக்கு மகள் பிஸ்கட் ஊட்டுவாள், நான் கேரட். ஒரு நாள் காலையில் பார்த்தால் புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்து, கன்னங்கரேலென்று, முடியில் கோத்த மணி மாதிரி கிடக்கிறது. நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவுக்கு, பழுப்பாக, விரலால் நசுக்கினால் தவிடு மாதிரி உதிர வேண்டும்.

ஏன் புல் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முயலுக்குப் பல் வளர்வது நிற்பதேயில்லை. முன்பல் மட்டும் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. வளரும். அது தேய நார் வேண்டும். குடல் நகரவும் அதே நார் வேண்டும். தின்பதில் ஐந்தில் நாலு பங்காவது புல்லாக இருக்கணும். இது தெரிந்துதான் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள், அதனால் வேலைக்குப் போவோம்.

படி 1: எந்தப் புல்

யாரைக் கேட்டாலும் திமோத்தி, திமோத்தி என்கிறார்கள். அது குளிர்நாட்டுப் புல். பாக்கெட்டில் கடல் கடந்து வருகிறது. நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் காங்கேயத்துப் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும்போது நான் எதற்குக் கப்பல் கூலி கட்டணும்?

கொழுக்கட்டைப் புல்தான் என் முதல் தேர்வு. கிளுவை வேலி கட்டி, நடுவில் வெள்வேல மரம் விட்டு, மாடும் ஆடும் மேய்கிற அந்தக் காடுகளில் இதுதான் நிறைய. கதிர் முற்றுவதற்குள் அறுத்துவிட வேண்டும். முற்றிய கதிரில் சுணை இருக்கும், கண்ணில் மூக்கில் குத்தும்.

அடுத்தது அருகம்புல். பண்ணையம் பார்ப்பவர்களுக்கு அது பரம எதிரி, எத்தனை கொத்தினாலும் திரும்ப வரும். கேட்டால் சந்தோஷமாகப் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். களைக்கொல்லி அடித்த வரப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோ-4 கிடைத்தால் இலையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது. மாட்டுக்கு அமிர்தம். ஆனால் தண்டு தடிமன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும்.

வைக்கோல் படுக்கை விரிக்க மட்டும். காய்ந்த சோளத்தட்டு முயலுக்கு வெறும் குச்சி. பச்சையான இளஞ்சோளம் பக்கமே போகாதீர்கள். மழையில்லாமல் வாடிய சோளப்பயிரை மேய்ந்த மாடு விழுந்து செத்த கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயிரில் சயனைடு விஷம் ஊறும். கடலைக்கொடி, குதிரைமசால் இரண்டும் பயறு வகை, சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆறு மாதம் தாண்டாத குட்டிக்குக் குதிரைமசால் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் மூத்திரம் சுண்ணாம்புத் தண்ணியாகிவிடும்.

படி 2: காய வைப்பது (நான் இரண்டு தடவை சறுக்கிய இடம்)

முதல் தடவை சித்திரை வெயில். மொட்டை மாடியில் புல்லைப் பரப்பி நாலு நாள் விட்டேன். நன்றாக மொறமொறவென்று காய்ந்தது, எனக்கு ஒரே பெருமை. பனியன் கிட்ட வந்தது, மோந்தது, அதன் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுப் போய்விட்டது. முயலுக்கு அடம் என்று முடிவு கட்டி, மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு கைப்பிடியை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாருவிடம் (எங்கள் தாத்தா) காட்டினேன். மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதைய வெயில்ல போட்டு வறுத்துப்போட்டயே! இதுல என்ன இருக்குதுன்னு உம்பட மொசலு திங்கோணும்? நம்ம கட்டுத்தரையில இருக்கற எருமையே மூஞ்சியத் திருப்பிக்குமே" என்றார்.

உண்மைதான். பச்சையும் போய், வாசமும் போய், வெளுத்த வைக்கோலாகியிருந்தது. முயல் மூக்கால்தான் முதலில் தின்கிறது.

இரண்டாவது தடவை அதற்கு நேர் எதிர்த் தப்பு. வெளுத்துவிடுமே என்று பயந்து ஒன்றரை நாளில் அள்ளி, பிளாஸ்டிக் சாக்கில் திணித்துக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் சூடு. நடுவில் வெள்ளைப் பூசணம். மொத்தமும் குப்பைக்குப் போனது. பூசணம் பிடித்த புல்லில் மேலாக நல்லதைப் பொறுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

இப்போது செய்வது இதுதான். காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு அறுக்க வேண்டும். அரை நாள் வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு தடவை புரட்டி விட வேண்டும். புல் துவண்டதும் நிழலுக்கு மாற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே பழைய கயிற்றுக் கட்டில் கிடக்கிறது, அதன் மேலே. அடியிலும் காற்று போகும். தார்ப்பாய் மேல் போட்டால் அடியில் வேர்க்கும். நிழலில் இரண்டு மூன்று நாள், பொழுதோட ஒரு தடவை புரட்டல்.

போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்க உப்புச் சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி புல்லை நறுக்கிப் போட்டு, ஈரமில்லாத தூள் உப்பு ஒரு ஸ்பூன் சேர்த்து, மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் சாக்கில் கட்டலாம். கட்டி கட்டியாக ஒட்டினால் இன்னும் ஒரு நாள். கல் உப்பில் இது தெரியாது. மழைக்காலமென்றால் உப்பை முதலில் வாணலியில் வறட்டி ஆற விடுங்கள்.

சரியாகக் காய்ந்தது இன்னும் கொஞ்சம் பச்சையாக இருக்கும். மழை விட்ட மறுநாள் கொறங்காட்டில் நடந்தால் ஒரு வாசம் வருமே, அது வரும்.

கட்டி வைக்கச் சணல் சாக்குதான், வேறு எதுவும் வேண்டாம். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

படி 3: பெல்லட்டைக் குறைப்பது

புல் சரியான பிறகுதான் இந்தப் படி. நான் வரிசையை மாற்றிச் செய்ததால்தான் மூன்று வாரம் வீணானது.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாய்க்கு ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. முயல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது டாக்டரிடம் ஓட வேண்டிய அவசரம்.

சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவு கருணையளவாகிவிடும், கிண்ணம் நிறைந்துகொண்டே போகும். நான் தினம் 150 கிராம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அளந்தபோதுதான் தெரிந்தது. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் தாராளம். மூன்று நாலு வாரத்தில் படிப்படியாக இறக்கி, இரண்டு கிலோ பனியனுக்கு 50 கிராமில் நிறுத்தினேன். வாரம் ஒரு தடவை முயலையும் ஒரு கூடையில் உட்கார வைத்து எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம்.

பிஸ்கட்டை அன்றைக்கே நிறுத்திவிடலாம். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

படி 4: எங்கே, எப்போது வைப்பது

முயல் ஒரே இடத்தில் உட்கார்ந்து புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லும். நமக்கு முகம் சுளிக்கும், அதற்கு அதுதான் சௌகரியம். அதனால் மலத்தட்டின் ஓரத்திலேயே, வாய்க்கு எட்டும்படி புல் இருக்கட்டும். சுவரில் மாட்டும் கம்பி ரேக் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தலையைத் தூக்கி இழுக்க வேண்டும், தூசி கண்ணில் விழும், காலும் மாட்டும். சந்தையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று போதும். பாதியில் புல், பாதியில் பழைய செய்தித்தாள் விரிப்பு. உள்ளே குதித்து உட்கார்ந்துகொள்ளும்.

விடியக்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் அதற்குப் பசி. அந்த இரண்டு வேளையும் பழசை ஒதுக்கிவிட்டுப் புதுசு ஒரு பிடி வையுங்கள், முயல் உடம்பளவு குவியல். பெல்லட்டு அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஒதுக்கும் பழசைத் தூக்கி எறியாமல் வெயிலில் ஒரு உதறு உதறித் திரும்ப வைத்தால் பாதி தின்னும். புதுசு என்று நினைத்துக்கொள்கிறதோ என்னவோ. வீட்டுக்காரிக்குத் தும்மல் வருவதால் உதறும் வேலை வாசலில், என் பொறுப்பில்.

தண்ணீர் மண்சட்டியில். புல் தின்னும் முயல் நிறையக் குடிக்கும், பாட்டில் குழாயில் சொட்டுச் சொட்டாக நக்கிப் போதாது.

படி 5: ஆசை காட்டுவது

கொத்தமல்லித் தழை, துளசி, புதினா, ஏதோ ஒன்றை நிழலில் காய வைத்துக் கையால் நொறுக்கிப் புல்லின் நடுவில் கலந்து விடுங்கள். மேலே தூவினால் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுப் புல்லைத் திணித்துக் கொடுத்ததும் வேலை செய்தது. பனியன் பாதி அட்டையையும் தின்றது. மேலே ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: தாராபுரத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: முயல் ஆசையாகப் புல்லை எடுக்கிறது, மெல்லுகிறது, பாதியில் கீழே போட்டுவிடுகிறது, தாடை ஈரமாகவே இருக்கிறது. இதற்கு என் படிகள் எதுவும் உதவாது. கடைவாய்ப் பல் கூர்மையாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்தும்போது இப்படித்தான் செய்யும். வாயின் உள்ளே கருவி விட்டுப் பார்க்கிற டாக்டர் வேண்டும். எங்களுக்கு முதலில் பார்த்த ஒருவர் முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். அதோடு திருப்தியாகி வந்துவிடாதீர்கள். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: பங்குனி சித்திரையில் பகலெல்லாம் தின்னவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெக்கைக்கு அது தாங்காது. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், பெரிய பிடியை ராத்திரிக்கு மாற்றுங்கள். பகலில் ஒன்றிரண்டு வாயாவது தின்கிறதா, புழுக்கை விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். மூச்சு வாங்கி, காது கொதித்து, துவண்டு கிடந்தால் புல்லை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பின்சேர்க்கை 3: எவ்வளவு புல் சேர்த்து வைப்பது? இரண்டு கிலோ முயல் நாளைக்கு 100 கிராம் என்றால் மாதம் மூன்று கிலோ. பச்சையாகப் பத்துக் கிலோ அறுத்தால் காய்ந்து இரண்டரைதான் தேறும். ஆக மாதத்துக்குப் பன்னிரண்டு கிலோ பச்சைப்புல், சிந்துவதற்கு இன்னும் ஒன்றிரண்டு. கார்த்திகைக் கடைசியில் மழை வெளிவாங்கியதும் ஒரே தடவையாக அறுத்துவிடுவது நல்லது. அப்பாரு இந்த வருஷம் சாளைத் (தோட்டத்து வீட்டுத்) திண்ணையில் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார். வெளியே மாட்டுக்குத் தட்டுப்போர், உள்ளே இடுப்பளவுக்கு ஒரு அடுக்கு. வருகிறவர்கள் கேட்டால் "அது மொசப்போருங்க" என்கிறாராம்.