டிசம்பர் லீவுக்கு முன்னாடி நம்ம வீட்டுக் கொத்தனாருக்கு என்ன செய்யலாம்

ஊர்ல வீடு கட்டினவங்களுக்குத் தெரியும், நிலை வைக்கிற அன்னிக்கு ஆசாரிக்கு தாம்பூலத்தோட பணம், கான்கிரீட் போடுற அன்னிக்கு எல்லாருக்கும் சாப்பாடு, கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரிக்கு வேட்டி துண்டு. இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல அந்த முறையெல்லாம் கிடையாது, ஆனா பில்டர்ஸ் ஹாலிடேன்னு ஒண்ணு இருக்கு. டிசம்பர் நடுவுல, பெரும்பாலும் 16ஆம் தேதி லீவை ஒட்டி சைட் எல்லாம் மூடிட்டா ஜனவரிலதான் திறப்பாங்க. வேலையாளுங்க நிறைய பேர் ஈஸ்டர்ன் கேப் மாகாணம், லெசோத்தோ, மலாவி நாடுகள்னு சொந்த ஊருக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புற நேரம் அது, அதனால கொடுக்கிறதை ஒரு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க.

மொதல்ல கூலி பாக்கி. முடிஞ்ச வேலைக்கு கான்ட்ராக்டர் பணத்தை லீவுக்கு முன்னாடி செட்டில் பண்ணுங்க. டைல்ஸ் ஒண்ணு கோணலா இருக்குன்னு நீங்க மொத்தத்தையும் பிடிச்சு வச்சா அடி விழுறது கான்ட்ராக்டருக்கு இல்ல, கீழ கலவை போடுற ஆளுக்கு. அந்த டைல்ஸுக்கு உள்ளதை மட்டும் நிறுத்தி வைங்க போதும்.

நான் மொத வருஷம் பண்ணின கூத்தைச் சொல்றேன். ஆறு பேருக்கும் ஆளுக்கு 10 கிலோ மக்காச்சோள மாவு மூட்டை, ஒரு பெரிய கேக் டப்பா. பெருமையா அடுக்கி வச்சிருந்தேன். ஈஸ்டர்ன் கேப்ல உள்ள உம்தாதா ஊருக்குப் போற ஆளு மூட்டையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, சிரிச்சாரு, மினிபஸ் டாக்ஸில மடியில வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க எப்படிப் போறது?

அடுத்த வருஷத்துலேர்ந்து ஷாப்ரைட் மாதிரி கடை கிஃப்ட் கார்டுதான், பாக்கெட்ல போயிடும், தென்னாப்பிரிக்காவுக்குள்ள போறவங்க ஊருக்குப் போய் வாங்கிக்கலாம். நிறைய ரொக்கமா கொடுக்காதீங்க, இந்த சீசன்ல சம்பளத்தோட பஸ் ஏறுறவங்களைத் திருடனுங்க நல்லாவே கவனிக்கிறானுங்க. எவ்வளவுன்னு கேட்டா, ஒரு நாள் கூலியாவது இருக்கட்டும்; 2025 மார்ச்ல குறைந்தபட்ச கூலி மணிக்கு 28.79 ராண்டா இருந்துச்சு, எட்டு மணி நேரத்துக்கு சுமார் 230. சித்தாளுக்கும் அதே தொகை, அவரவர் பேரை கவர் மேல எழுதி நேர்ல கொடுங்க, போர்மேன் கையில மொத்தமா கொடுத்தா எங்க போய்ச் சேரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுல பிள்ளைங்க இருக்கான்னு கேட்டு வச்சுக்கோங்க. ஜனவரில ஸ்கூல் திறக்கும்போது யூனிஃபார்ம், ஷூ, நோட்டுன்னு கை கடிக்கும், டிசம்பர் பணம் அதுக்குள்ள காலி. நோட்டு, பேனா, கலர் பென்சில் ஒரு பையில போட்டுக் கொடுத்தா கேக்கை விட நூறு மடங்கு மேல். சாப்பாடு போடுறதா இருந்தா விசாரிச்சுட்டுப் போடுங்க, மலாவி ஆளுங்கள்ல முஸ்லிம்கள் உண்டு, ஷெம்பேன்னு இங்க உள்ள ஒரு கிறிஸ்தவ சபைக்காரங்க பன்றி தொடமாட்டாங்க, சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள், அன்னிக்கு வேலைக்குக் கூப்பிடாம இருக்கிறதே பெரிய மரியாதை.

இன்னொண்ணு, கொஞ்சம் கோபமாவே சொல்றேன். நம்ம ஆளுங்க வீட்டுலயே பார்த்திருக்கேன், வேலைக்காரங்களுக்குன்னு பின்வாசல்ல தனி தகர மக். டீக்கடை இரட்டைக் குவளையை ஊர்ல திட்டிட்டு இங்க வந்து அதையே பண்றோம். வீட்டு கப்புலயே சர்க்கரை தூக்கலா டீ கொடுங்க. நாப்பது வயசு ஆளை இங்கிலீஷ்ல 'பாய்'னு, அதாவது பையன்னு கூப்பிடாதீங்க, அது நிறவெறிக் காலத்து வார்த்தை. பெரியவர்னா பாபா, சின்னவர்னா பூட்டி, ஜூலு மொழியில அப்பா, சகோதரன்னு அர்த்தம்.

குடும்பத்துக்கு உண்மையா உதவணும்னா வேலை ஆரம்பிக்கும்போதே கான்ட்ராக்டர்கிட்ட 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்' கேளுங்க. வேலை விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கிற அரசு காம்பன்சேஷன் ஃபண்ட்லயோ, கட்டுமானத் துறைக்கான FEM காப்பீட்டுலயோ பதிஞ்சு கட்டணமும் கட்டியிருக்காருங்கிறதுக்கு அதுதான் சாட்சி, வேலையில ஆளுக்கு ஏதாவது ஆனா பொண்டாட்டி பிள்ளைக்கு நஷ்டஈடு அங்கேர்ந்துதான் வரணும். இங்க பக்கத்துல தொங்காட்ல 2013 நவம்பர்ல கட்டிட்டிருந்த மால் இடிஞ்சு 2 பேர், ஜார்ஜ்ங்கிற ஊர்ல 2024 மே மாசம் கட்டிட்டிருந்த கட்டிடம் இடிஞ்சு 34 பேர் போனாங்க. சாரத்துல கைப்பிடி இல்லைன்னா வாயைத் திறந்து கேளுங்க.

கடைசியா, காசே செலவில்லாதது. எங்க பிளாஸ்டரர் பூசி முடிச்ச சுவரு முன்னாடி அவரை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து அவர் வீட்டம்மாவுக்கு வாட்ஸப்ல அனுப்பச் சொன்னேன். எடுக்கிறதுக்கு முன்னாடி முகத்தைக் கழுவிட்டு வந்தாரு, கரணையை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டாரு. கவரை வலது கையால வாங்கினாரு, இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி, ஜூலுக்காரங்க மரியாதை அப்படி. நானும் ரெண்டு கையாலதான் கொடுத்தேன்.