பார்க்காமல் ஓடுகிற முதலுதவியாளர்: வன்னிப் பயிற்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலுதவிப் பயிற்சிகளில் ஒரு காட்சி மாறுவதே இல்லை. பயிலுநர் "இடம் பாதுகாப்பு!" என்று உரத்துச் சொல்வார், சொல்லிக்கொண்டே நோயாளியாகக் கிடத்தியிருக்கும் பொம்மையை நோக்கி ஓடுவார். ஒருதரம் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார். பயிற்றுநரும் அதற்குப் புள்ளி போட்டுவிடுவார். மண்டபத்தில் இது சின்ன விசயம். வெளியே முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ அதே பழக்கத்தோடு போனால் சாவு ஒன்றோடு நிற்காது. 1990 என்ற அவசர எண்ணுக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸில் இருப்பது இரண்டே பேர், சாரதியும் அவசர மருத்துவ உதவியாளரும். ஒருவர் விழுந்தால் மற்றவர் யாரைப் பார்ப்பது?

கிணற்றை எடுப்போம். நீர் மட்டம் இயந்திரத்துக்குக் கீழே ஏறக்குறைய 7 மீற்றரைத் தாண்டிவிட்டால் மேலே வைத்த பம்பினால் உறிஞ்ச முடியாது. அதனால் கோடையில் சிலர் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மிசினையே கிணற்றுக்குள் இறக்கி வைத்து இறைப்பார்கள். புகை வெளியேற வழியில்லை. அதிலுள்ள காபனோரொட்சைட்டு (கார்பன் மோனொக்சைட்) என்ற நச்சு வாயு கிணற்றுக்குள்ளேயே தேங்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒருவர் மயங்க, தூக்கப் போன தம்பியும் மயங்க, கயிற்றோடு மூன்றாமவர் இறங்குவார்.

இங்கே பயிற்சி விடும் தவறு, "முதலில் விளக்கை இறக்கிப் பாருங்கள்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வது. ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது எரிந்துகொண்டே நிற்கும். எரியக்கூடிய வாயு இருக்கும் குழியென்றால் அந்த விளக்கே வெடிக்கும் காரணமாகிவிடும். முகத்தில் ஈரத்துணி கட்டுவதாலும் பயனில்லை, துணி இந்த வாயுவை மறிக்காது. உள்ளே இறங்குவதற்குக் காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும். அது இல்லாதவர் கிணற்றுக்கட்டோடு நிற்க வேண்டும். நினைவோடு இருப்பவருக்குக் கயிறு போடலாம், தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம், இறங்கக் கூடாது. ஆளை மேலே எடுத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் ஒட்சிசன் ஏறியதாகவே எண்ணும். 98 என்று காட்டுகிறதே என்று ஒட்சிசனைக் கழற்றுவது பெரிய பிழை.

மிதிவெடி விசயத்தில் வேறொரு குறை. போர் முடிந்து இத்தனை வருசமாகிவிட்டதே என்று பல பயிற்சிகள் அதைத் தொடுவதில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். காடு வெட்டும்போது, குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது, பழைய இரும்பு பொறுக்கும்போது வெடிக்காத பொருட்கள் இன்றும் கிளம்புகின்றன. காயப்பட்டவர் அலறுகிறார் என்று நேரே அவரிடம் போகக்கூடாது. ஒரு வெடி இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம். அசையாமல் இருக்கச் சொல்லி, இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டியை எறிந்து, காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலத்தில், மூட்டில் படாமல் அவரே கட்டிக்கொள்ள வாயால் வழிகாட்டப் பழக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். இடையில் தளர்த்தக் கூடாது. மீட்கும் பாதையைத் திறப்பது கண்ணிவெடி அகற்றுபவர்களின் வேலை.

வயலில் மருந்தடித்து விழுந்தவர் என்றால் ஆபத்து அவருடைய சட்டையிலேயே இருக்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை தள்ளி, வியர்த்துக் கொட்டினால் ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்தின் நஞ்சென்று நினையுங்கள். உடுப்பைக் களைந்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அதற்குப் பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும், யன்னல் திறந்திருக்கட்டும். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மெல்லிய லேற்றெக்ஸ் கையுறையை நம்பாமல் நைத்திரைல் கையுறை போட வேண்டும். பெண்ணென்றால் உடுப்பைக் களையத் தயங்கி அப்படியே ஏற்றிவிடுவதும் நடக்கிறது. நான்கு பெண்கள் சேலை பிடித்து மறைப்பதையும் ஒத்திகையிலேயே செய்து பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

பன்றிக்குக் கட்டிய மின்கம்பிக்குச் சுருக்கமாக ஒன்று: மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை ஈர வரம்பில் கால் வைக்காதீர்கள். பொது மின்கம்பியென்றால் 1987இல் மின்சார சபைக்கு எடுங்கள்.

பயிற்சிகளில் அடியோடு விடுபடுவது சனம். "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள், இறங்குங்கோவன்!" என்று தாய் கத்தும்போது நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். அறிவுள்ளவர்களே அந்தக் குரலுக்கு இறங்கிவிடுகிறார்கள். அதனால் ஒத்திகையில் பத்துப் பேரைக் கத்தவிடுங்கள். ஒருவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல், கயிறு கட்டிச் சனத்தைத் தள்ளி நிறுத்தவும் குடும்பத்தோடு பேசவும் மட்டும் விடுங்கள். பார்க்காமல் ஓடியவருக்கு உடனே 'செத்துவிட்டார்' என்று ஓர் அட்டையைக் கொடுத்து ஓரமாக இருத்தி, மிச்ச ஒத்திகையை அவரில்லாமலே நடத்துங்கள். காயக்காரர் ஒருவரோடு தொடங்கிய ஒத்திகையில் இப்போது இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும், தூக்க ஆள் குறைந்திருக்கும்.