மலையில் மனை வாங்குமுன் ஓடையின் தொடக்கத்தைப் பாருங்கள்

மலைப்பகுதியில் மனை வாங்க நினைப்பவர்கள், மனை சமதளமாக இருக்கிறதே என்று நிறைவடையாமல், அருகிலுள்ள ஓடை எங்கே தொடங்குகிறது என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும். நிலச்சரிவு ஓடை வழியே வெகுதூரம் வரக்கூடும்: 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும், ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களைச் சிதைத்தன. கூகுள் எர்த்தில் ஓடையின் மேல் கோடு வரைந்தால் அதன் ஏற்ற இறக்கம் வரைபடமாகவே கிடைக்கும். பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டினால், பசுமைக்கு நடுவே செம்மண் தழும்பாக முந்தைய நிலச்சரிவுகள் தெரியும். என் கருத்தில் இதுவே முதன்மையான தடயம், ஏனெனில் வயநாட்டிலும் அதே இடத்தில் முன்னரே சரிவு ஏற்பட்டிருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்திலும் நிலச்சரிவு வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. குறுகிய பள்ளத்தாக்கு சட்டென்று அகலும் இடத்தில், மேலிருந்து அடித்து வரப்பட்ட மண்ணும் கல்லும் குவிந்த விசிறி வடிவ மேட்டில் மட்டும் தயவுசெய்து வீடு கட்டாதீர்கள்.