முதல் தடவை பாங்காக் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள்

போன நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போய்வந்தேன். அம்மாவுக்கு முதல் விமானம், எனக்கு முதல் வெளிநாடு. ஐந்து இரவு தங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து அதே கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே இடத்தில் எழுதிவைத்தால் தொண்டை மிச்சம் என்று இந்தப் பதிவு. டிக்கெட் விலை ஒப்பிடுவதும் பெட்டி கட்டுவதும் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் முட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன்.

படி 1: எப்போது, எந்த விமான நிலையம்

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஏப்ரல் வெயில் நம் கத்திரிக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள், தெருவில் இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாது. நண்பர்களோடு என்றால் ஜாலி. அம்மாவோடு என்றால் வேண்டாம்.

பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு. 2006-இல் திறந்த சுவர்ணபூமி ஒன்று, அதைவிடப் பழைய டான் மியாங் இன்னொன்று. சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் சில இங்கே இறங்கும், சில அங்கே. டிக்கெட்டில் பிகேகே என்றிருந்தால் சுவர்ணபூமி, டிஎம்கே என்றிருந்தால் டான் மியாங். முன்னூறு நானூறு ரூபாய் வித்தியாசம்தான் என்றால் நான் சுவர்ணபூமியைத்தான் எடுப்பேன். காரணம் ஆறாம் படியில்.

படி 2: பெயர்

இங்கேதான் எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போனது.

நம்மில் பாதிப்பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கின்றன, ‘சர்நேம்’ காலி. அம்மாவுடையதில் அவர் பெயர் மட்டும், ஒற்றைச் சொல். அதிலும் ‘சர்நேம்’ காலி.

விமான நிறுவனத்தின் தளம் கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. என்ன போடுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. சிலர் இருக்கிற பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிறார்கள், சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். பணம் கட்டும் முன் அவர்களின் உதவிப் பக்கத்தில் பாருங்கள், இல்லை போன் போட்டுக் கேளுங்கள். கட்டிய பிறகு பெயர் திருத்துவது காசு பிடிக்கிற வேலை. நாங்கள் எடுத்த விமானத்துக்கு ஒரே பெயரை இரண்டு முறை போடவேண்டியிருந்தது. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, நம்ம பேரை நாமளே ரெண்டு தடவ சொல்லணுமா?”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குப் போகும் வெளிநாட்டவர் எல்லோரும் மின்னணு வருகை அட்டையை, சுருக்கமாக டிடிஏசி, இணையத்தில் நிரப்பவேண்டும். விமானத்தில் பேனா கடன் வாங்கி எழுதிய பழைய தாள் இப்போது இல்லை. நான் டிக்கெட்டில் இருந்த இரட்டைப் பெயரையே அதிலும் ஏற்றி அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: இமிக்ரேஷனில் பார்க்கப்போவது பாஸ்போர்ட்டை அல்லவா? பாஸ்போர்ட்டில் பெயர் ஒருமுறைதானே இருக்கிறது?

எழுந்து திருத்தப் போனால், தங்குமிடம், விமான எண் போன்றவற்றை மாற்றவிடுகிறது, பெயரை விடவில்லை. புதிதாக இன்னொரு படிவம்தான் போடவேண்டும். சரி, பாஸ்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றினால் தானாக நிரம்பும் என்றிருந்ததே என்று அதை முயன்றேன். பெயர் மொத்தமும் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, முதல் பெயர் காலி! பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியைத்தான் கணினி படிக்கிறது. சர்நேம் இல்லாதவர்களின் பெயர் அந்த வரியில் சர்நேம் இருக்கவேண்டிய இடத்தில்தான் அச்சாகியிருக்கும். பிழை உங்கள் மேலும் இல்லை, போன் கேமரா மேலும் இல்லை.

கடைசியில் நான் செய்தது: கிவன் நேமில் உள்ளதை அப்படியே முதல் பெயர் கட்டத்தில் தட்டினேன், குடும்பப் பெயர் கட்டத்தில் ஒரு சிறுகோடு மட்டும் போட்டேன். ஏற்றுக்கொண்டது. டிக்கெட்டுக்கு விமான நிறுவனத்தின் விதி, அரசுப் படிவத்துக்கு பாஸ்போர்ட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

(அடிக்கடி வெளிநாடு போகிற எண்ணமிருந்தால் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேம் ஆக்கிவிடுங்கள். நான் அடுத்த புதுப்பிப்பில் செய்வதாக இருக்கிறேன். அம்மா மாட்டேன் என்கிறார்.)

படி 3: அதே படிவத்தில் இன்னும் இரண்டு குழிகள்

தேதி. சென்னையிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். பயணம் மூன்றரை மணி நேரம், தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். 10-ஆம் தேதி இரவு கிளம்பினால் நீங்கள் இறங்குவது 11-ஆம் தேதி காலை. படிவத்தில் கேட்பது இறங்கும் தேதி. ஹோட்டல் அறை மதியம் 2 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி. ஹோட்டல் பெயர் மட்டும் போதாது. மாகாணம், மாவட்டம், உள்மாவட்டம் என்று வரிசையாகப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவேண்டும். எங்கள் அறை சீலோம் சாலைப் பக்கம். மாகாணம் பாங்காக், மாவட்டம் பாங் ராக், அஞ்சல் எண் 10500. ‘சீலோம்’ என்று ஒரே சொல்லாகத் தட்டித் தேடிக்கொண்டே இருந்தேன், வரவில்லை. பட்டியலில் அதை ‘சீ’ தனி, ‘லோம்’ தனி என்று பிரித்து வைத்திருந்தார்கள். தாய் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். முழுப் பெயரையும் தட்டாமல் முதல் இரண்டு எழுத்தை மட்டும் தட்டிக் கண்ணால் தேடுங்கள்.

இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பவேண்டும். கட்டணம் கிடையாது, ஒரு பைசாகூட. தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் டாலரில் காசு கேட்கும், அச்சு அசல் அரசுத் தளம் மாதிரியே இருக்கும். முகவரி ‘இமிக்ரேஷன் டாட் ஜிஓ டாட் டிஎச்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

விசா பற்றி ஒரே வரி: நாங்கள் சுற்றுலாவுக்கு விசா எடுக்காமல்தான் போனோம், ஆனால் இந்த விதியை அவர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் டிக்கெட் போடும் அன்று தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

படி 4: பணம், போன்

நம் ஜிபே அங்கே கைகொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) இங்கேயே மாற்றிக்கொண்டேன், மீதிக்கு ஏடிஎம். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், அதில் மாற்று விகிதம் மோசம். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறக்கவேண்டாம்.

போனில் கிராப், போல்ட் என்ற டாக்சி ஆப் இரண்டும் இருக்கட்டும். நான் போல்ட் கட்சி, விலை குறைவு. இரவு நேரத்தில் மட்டும் கிராப். நம் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே அப்படியே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

படி 5: அறை

காவ்சான் சாலையில் எடுக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அங்கே ரயில் இல்லை. பாங்காக்கின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்தவர்கள் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்கு அப்பால் அறை எடுக்கமாட்டார்கள். என் சிபாரிசு சாலா டேங், இல்லையென்றால் அசோக்.

ஏன் இந்த இரண்டு? மேலே ஓடும் பிடிஎஸ் ஸ்கைட்ரெயினும் எம்ஆர்டி மெட்ரோவும் இங்கே சந்திக்கின்றன. ஆனால் ஒரே சந்திப்புக்கு இரண்டு பெயர்! பிடிஎஸ்ஸில் சாலா டேங் என்றால் மெட்ரோவில் அது சீலோம். பிடிஎஸ்ஸில் அசோக், மெட்ரோவில் சுகும்வித். பிடிஎஸ்ஸில் மோ சித், மெட்ரோவில் சதுசக் பார்க். முதல் நாள் நான் மேப்பை வைத்துக்கொண்டு சீலோம் எங்கே என்று சாலா டேங் வாசலில் நின்றே தேடினேன். டிக்கெட்டும் தனித்தனி. மெட்ரோவில் விசா, மாஸ்டர் அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். பிடிஎஸ்ஸுக்கு அங்கேயே டிக்கெட் எடுத்துக்கொண்டோம்.

படி 6: இறங்கியதும்

சுவர்ணபூமியின் அடித்தளத்திலிருந்து ஏர்போர்ட் ரயில் கிளம்புகிறது. கடைசி நிலையம் பயா தாய், அரைமணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும், 45 பாட். அங்கே பிடிஎஸ் மாறலாம். அதனால்தான் சுவர்ணபூமி என்றேன். பெட்டி அதிகமென்றால் முதல் தளத்தில் டாக்சி வரிசைச் சீட்டு எடுங்கள். மீட்டருக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணம், டோல் தனி. கூடத்தில் வந்து “டாக்சி, டாக்சி” என்று கையைப் பிடிக்கிறவர்களோடு பேசவே வேண்டாம்.

ஊர் பெயரை நாம் எழுத்துக்கூட்டிச் சுலபமாகப் படித்துவிடுவோம், அவர்களுக்குத்தான் புரியாது. சுவர்ணபூமி அவர்கள் வாயில் ‘சுவன்னபூம்’.

படி 7: ஊர் சுற்றல்

கிராண்ட் பேலஸ் என்கிற அரண்மனைக்குக் காலை 8.30-க்கே போய்விடுங்கள், 10 மணிக்குமேல் கூட்டத்தில் மூச்சு முட்டும். நுழைவு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். அம்மா புடவையில் ராஜநடையாகப் போனார், அரைக்கால் சட்டையில் வந்த நான் பேன்ட் வாங்கினேன்.

வாசல் பக்கம் நல்ல உடையில் ஒருவர் வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது. வேறு கோயில் காட்டுகிறேன், துக்-துக் 20 பாட்தான்” என்பார். அரண்மனை திறந்துதான் இருக்கும். அந்த துக்-துக், அதாவது ஆட்டோ, போய் நிற்கும் இடம் ரத்தினக் கடை. எங்களிடமும் ஒருவர் வந்தார். “நம்ம ஊர்க் கோயில்ல செருப்பு பார்த்துக்கிறேன்னு வருவாங்களே, அந்த மாதிரி” என்று சொல்லிவிட்டு அம்மா அவரைத் தாண்டி நடந்தார்.

அங்கிருந்து வாட் போ கோயில் நடந்துபோகும் தூரம். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர். தா தியன் துறையில் சில பாட் கொடுத்தால் படகு அக்கரையில் இருக்கும் வாட் அருண் கோயிலுக்குக் கொண்டுபோகும். அரண்மனைக்குப் போக மெட்ரோவில் சனம் சாய் நிலையம் உண்டு, ஆனால் நான் ஆற்றைத்தான் சொல்வேன்: பிடிஎஸ் சபான் தாக்சின் நிலையத்தின் கீழே சாத்தோன் துறை, ஆரஞ்சுக் கொடிப் படகு, 16 பாட். சுற்றுலாப் படகு பக்கத்திலேயே நிற்கும், விலை பல மடங்கு, ஆறு அதே ஆறு.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய தமிழர்கள் கட்டியது. மாரியம்மன் என்று கேட்டால் டிரைவருக்குத் தெரியாது, ‘வாட் கேக்’ என்று சொல்லவேண்டும். தாய்க்காரர்களும் சீனர்களும்தான் நிறையப்பேர் மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் பட்டியலில் சேர்க்காதது: மெட்ரோ சாம் யோத் நிலையத்திலிருந்து நடந்தால் சிவப்பாக உயர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சல், பக்கத்தில் அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் என்கிற கோயில். 1935 வரை அந்த ஊஞ்சலில் ஆள் ஆடியிருக்கிறார்கள். அந்தச் சடங்கின் பெயர் த்ரியம்பவாய், த்ரிபவாய். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! அம்மாவிடம் சொன்னதும் அங்கேயே நின்று ‘ஆதியும் அந்தமும் இல்லா’ என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். மற்ற எல்லாப் படத்தையும்விட அந்த இடத்தில் எடுத்த படம்தான் வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

மாலை 6 மணிக்கு ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ இருந்தால் திடீரென்று எல்லோரும் சிலையாக நிற்பார்கள். தேசிய கீதம். நீங்களும் நின்றுவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: சைவச் சாப்பாடு பற்றி ஏன் எழுதவில்லை என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ‘வெஜிடேரியன்’ என்றால் தலையாட்டிவிட்டு மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. சொல்லவேண்டிய வார்த்தை ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து இருந்தால் அந்தக் கடையில் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட இல்லை. அம்மா ஐந்து நாளும் ‘பதினேழு’ தேடித்தான் சாப்பிட்டார்.

பின்சேர்க்கை 2: கழிவறையில் தண்ணீர் இருக்குமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். பீச்சுக்குழாய் நாங்கள் போன இடமெல்லாம் இருந்தது. ஆனால் பிடிஎஸ் நிலையத்தில் கழிவறையை நம்பாதீர்கள், ஷாப்பிங் மாலிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

பின்சேர்க்கை 3: போகும்போது சுவர்ணபூமி, வரும்போது டான் மியாங் என்று டிக்கெட் போட்ட ஒருவர், திரும்பும் நாளில் பழக்க தோஷத்தில் ஏர்போர்ட் ரயிலில் ஏறிவிட்டாராம். டான் மியாங்குக்கு அந்த ரயில் போகாது. சிவப்புத் தட ரயிலில் போகவேண்டும், இல்லை மோ சித்திலிருந்து ஏ1 பேருந்து. இரண்டு டிக்கெட்டையும் எடுத்து மூன்றெழுத்தை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள்.