மலையில பழைய மாணவர் பேச்சுக் கூட்டம் நடத்தறது எப்படி

ஊட்டியில படிச்சு வெளியூர் போனவங்க, இங்கயே தங்கிட்டவங்கன்னு எங்க பழைய மாணவர் குரூப்ல நிறைய பேர் இருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவ கூடுவோம், சாப்பிடுவோம், போட்டோ எடுப்போம், கிளம்பிடுவோம். இத்தன பேருக்கு இத்தன விஷயம் தெரிஞ்சும் ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குத் தெரியல, ஊர்க்காரங்களுக்கு சுத்தமா தெரியல, அது எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அதனால யார் வேணா வந்து உக்காரலாம்னு பேச்சுக் கூட்டம் ஆரம்பிச்சோம். உங்க காலேஜ்லயும் பண்ணணும்னு நினைக்கறவங்களுக்காக நாங்க கத்துக்கிட்டத எழுதறேன்.

முதல்ல தலைப்பு, இதுலதான் பாதி வேலையே இருக்கு. தமிழ்த்துறைக்கு ஒரு உரை, பிசிக்ஸுக்கு ஒரு உரைன்னு டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சீங்கன்னா அந்தந்த டிபார்ட்மென்ட் ஆளுங்க மட்டும்தான் வருவாங்க. அதுக்கு பதிலா ஊர்ல எல்லாரும் கண்ணால பார்த்த ஏதோ ஒண்ண எடுங்க, அதப் பத்தி பேச கலைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர், அறிவியல் பக்கத்துலேர்ந்து ஒருத்தர்.

குறிஞ்சிய எடுத்துக்கோங்க. கொடைக்கானல் பக்கம் 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. பாட்டனி படிச்சவர் வந்தா இந்தச் செடி 12 வருஷம் வளர்ந்து ஒரே சமயத்துல பூத்து, விதை போட்டுட்டு செத்துடும்ங்கறதையும், எல்லாம் சேர்ந்து பூத்தா பூச்சி தின்னது போக மிச்சம் விதை தப்பிக்கும்னு ஒரு விளக்கம் இருக்குங்கறதையும் சொல்லுவார். தமிழ் படிச்சவர் வந்தா கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவ வரிசையா அடுக்கினத சொல்லி, அதுல எத்தன பூ நம்ம வேலி ஓரத்துலயே இருக்குன்னு கேப்பார். ரெண்டு பேரையும் ஒரே மேடையில உக்கார வச்சா எங்களுக்கு எந்தப் பூ எதுன்னு தெரியலன்னு அவங்களே ஒருத்தர ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, அதப் பாக்கத்தான் ஜனம் வரும்.

இன்னொண்ணு ஊட்டி பக்கத்துல முத்தோரையில இருக்கற ரேடியோ டெலஸ்கோப், வானத்துலேர்ந்து வர்ற ரேடியோ அலைய வாங்கற கருவி. பஸ்ல போகும்போது எல்லாரும் பார்த்திருப்போம், என்னன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியாது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970லேர்ந்து வேலை செய்யுது, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டினது. எதுக்கு இந்த மலைச் சரிவுல கட்டினாங்கங்கறதுதான் அழகு. ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 11 டிகிரியில இருக்கு, வடக்கு தெற்கா அதே அளவு சாய்வு உள்ள சரிவா தேடிப் பிடிச்சு அது மேல வச்சதால டெலஸ்கோப்போட அச்சும் பூமியோட அச்சும் ஒண்ணுக்கொண்ணு இணையா அமைஞ்சிடுச்சு, அதனால ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே ரேடியோ அலை அனுப்பற ஒரு வான்பொருள ஒன்பதரை மணி நேரம் வரைக்கும் விடாம பின்தொடரலாம். இத ஒரு சாய்வுப் பலகையும் குச்சியும் வச்சு காட்டினா எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கும் புரியும்.

மலை ரயில் எப்பவும் கூட்டம் சேர்க்கும். 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டிக்கு. கல்லாறு தாண்டி 12 அடிக்கு 1 அடி ஏத்தம், அதுக்குத்தான் நடுவுல பல்லுத் தண்டவாளம். மெக்கானிக்ஸ் ஒருத்தர், சரித்திரம் ஒருத்தர், போதும்.

அப்புறம் யார கூப்பிடறது. பெரிய பதவியில இருக்கறவங்களையே தேடாதீங்க. டீ ஃபேக்டரியில இலை வாடவிடற இடத்துல பல வருஷம் நின்ன கெமிஸ்ட்ரி அண்ணன், தோடர் எம்ப்ராய்டரிய பக்கத்துல உக்காந்து பார்த்து குறிப்பெடுத்த அக்கா, இந்த மாதிரி ஆளுங்க "நான் என்னத்த பேசறது"ன்னு ஒதுங்குவாங்க, அவங்களதான் விடாம கூப்பிடணும். உங்க சாதனையப் பத்தி பேசுங்கன்னு சொல்லாதீங்க. வேலைக்குப் போன அப்புறம் உங்க படிப்புல எது தப்புன்னு தெரிஞ்சுதுன்னு கேளுங்க, அதுலேர்ந்து நல்ல பேச்சு பிறக்கும். ஒரு மாசம் முன்னாடியே அந்த சப்ஜெக்ட் தெரியாத ஒருத்தருக்கு போன்ல பேசிக் காட்டச் சொல்லுங்க. அவருக்கு எங்க புரியலயோ அங்கதான் மாத்தணும். ஸ்லைடு பத்துக்கு மேல வேணாம், கையில எடுத்துக் காட்ட ஏதாவது ஒண்ணு கட்டாயம் வேணும்.

நேரம் 40 நிமிஷம் பேச்சு, 30 நிமிஷம் கேள்வி. இதுல நான் கறாரா இருக்கேன், காரணம் சொல்றேன். எங்க முதல் கூட்டத்துல வரவேற்பு, பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடைன்னு 55 நிமிஷம் போச்சு, சிரமப்பட்டு தயார் பண்ணிட்டு வந்த மேடத்துக்கு 20 நிமிஷம்தான் கிடைச்சுது, அவங்க கொண்டு வந்த பழைய படங்கள பையிலேர்ந்து எடுக்கவே இல்ல. இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமா இருக்கு. இப்ப அறிமுகம் ரெண்டு நிமிஷம், மரியாதை எல்லாம் கடைசியில டீ குடிக்கும்போது. பெரியவங்க கோவிச்சுக்குவாங்கன்னு பயந்தோம், முன்னாடியே வீட்டுக்குப் போய் சொன்னதால யாரும் கோவிச்சுக்கல.

நாள் பார்க்கறது மலையில தனி வேலை. ஏப்ரல், மே சீசன்ல வைக்காதீங்க, ரோடு நகராது, ரூம் வாடகை ஏறிடும். அக்டோபர், நவம்பர்ல மழை பிடிச்சா மேட்டுப்பாளையம் ரோட்ல மண் சரியும். ஜனவரி கடைசியிலேர்ந்து மார்ச் வரைக்கும் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணி நல்லது, வெயில் வந்து ஹால் கொஞ்சம் சூடாகியிருக்கும், ஒரு மணிக்கு முடிச்சா கோத்தகிரி பக்கம் ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்குப் போறவங்க பனி இறங்கறதுக்குள்ள வீடு சேர்ந்துடுவாங்க. சாயங்காலம் வச்சா கடைசி பஸ் கவலையில யாரும் கேள்வியே கேக்க மாட்டாங்க. கீழேர்ந்து கார்ல வர்றவங்களுக்கு மலைக்கு வண்டி ஏற வாங்க வேண்டிய இ-பாஸ் விஷயம் சொல்லிடுங்க, 2024 மே 7லேர்ந்து அந்த முறை வந்துச்சு, அப்பப்ப விதி மாறுது, கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு தடவ பார்த்துக்கோங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் இங்க தடை, அதனால எவர்சில்வர் டம்ளரும் சுக்கு போட்ட சுடுதண்ணியும் வச்சிடுங்க, குளிருக்கு அதுதான் தேவை.

பழைய மாணவருக்கு மட்டும்னு போட்டீங்கன்னா பொதுக் கூட்டம்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. நோட்டீஸ பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலயும் எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கமும் ஸ்கூல்லயும் ஒட்டுங்க, தமிழ்ல பெரிய எழுத்துல. பேச்சும் தமிழ்லதான், படுகர் பேசற படுகு மொழியில ஒரு வார்த்த சொன்னா நல்லா விளங்கும்னா சொல்லட்டும். பிளஸ் டூ பிள்ளைங்கள முன் வரிசையில உக்கார வைங்க, விஐபிக்கு தனி சோபா வேணாம்.

கேள்வி நேரத்துல மைக்க பிடிச்சுக்கிட்டு தனியா ஒரு பேச்சு பேசறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அதுக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி துண்டுச் சீட்டு, வரும்போதே ஆளுக்கு ஒரு சீட்டும் பென்சிலும் குடுத்துடுவோம், எழுதினத ஒருத்தர் படிப்பார், முதல் மூணு சீட்டு பிள்ளைங்களோடது. எழுத கூச்சப்படற வயசானவங்களுக்கு பக்கத்துல ஒரு வாலண்டியர் உக்காந்து கேட்டு எழுதணும், அவங்க கேக்கற கேள்விதான் பல தடவ பேச்சாளரையே யோசிக்க வைக்குது.

காசு அதிகம் ஆகாது, ஹால், மைக், டீயும் வர்க்கியும், பேச்சாளருக்கு வண்டிச் செலவு. நுழைவு இலவசம். வரவு செலவ அன்னிக்கு ராத்திரியே குரூப்ல போட்டுடுங்க.

பேச்ச பதிவு பண்ணணும்னா முன்னாடியே அனுமதி கேளுங்க, காலர் மைக் ஒண்ணு வாங்கிடுங்க, தகரக் கூரையில மழை விழுந்தா போன் ரெக்கார்டிங்ல ஒண்ணும் கேக்காது. நேரமில்லாம விட்டுப்போன சீட்ட தூக்கிப் போடாதீங்க. பேச்சாளருக்கு போட்டோ எடுத்து அனுப்பி ஒரு வாரத்துல பதில் வாங்கி, சீட்டுல பேர் எழுதினவங்களுக்கு நீங்களே கொண்டு போய்ச் சேருங்க.