சமையல் கலைஞரின் கட்சியை ஊகிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2023 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த யூ.எஃப்.சி. சண்டைப் போட்டிக்கு டொனால்ட் டிரம்ப் வந்தார். பார்வையாளர்களிடையே இருந்த அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் கலைஞர் கய் ஃபியெரி அவரோடு கைகுலுக்கினார். சில நொடிக் காட்சிதான். அது பரவியதும், பல ஆண்டுகளாக அவரைக் கொண்டாடிய ரசிகர்கள் பலர் “இவரும் அந்தப் பக்கமா?” என்று மனம் நொந்தார்கள்.

இதே ஃபியெரியின் இன்னொரு காட்சியும் இருக்கிறது. 2015 ஜனவரியில் புளோரிடாவில் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. அதன்பின், சமையல் கலைஞர் ஆர்ட் ஸ்மித்தின் ஏற்பாட்டில் மயாமியில் 101 ஜோடிகளுக்குத் திருமணம் நடந்தது. அதை நடத்திவைத்தவர் ஃபியெரி. இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அவரை முற்போக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். பானையில் எல்லா அரிசியும் ஒரே உலையில் வேகிறது. ஒரு மனிதரின் நாட்கள் அப்படி ஒரே உலையில் வேகுவதில்லை. ஒற்றைக் காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

தோற்றத்தையும் தட்டில் இருக்கும் உணவையும் பார்த்து முடிவுகட்டுவது அப்படி ஒரு கிளை. ஃபியெரியைப் போல வெளுத்து முள்ளாய் நிற்கும் தலைமுடி, தீச்சுவாலைச் சட்டை, சிவப்பு கமாரோ கார், சொட்டும் பர்கர் என்றால் குடியரசுக் கட்சி. கீரையும் பயறும் என்றால் ஜனநாயகக் கட்சி என்று கணக்குப் போடுகிறார்கள். 2007 முதல் தொடராக ஓடும் அவருடைய நிகழ்ச்சியை நிதானமாகப் பார்த்தால் இது நிற்காது. நெடுஞ்சாலையோரச் சிறு கடைகள், குடும்பமாக நடத்தும் உணவகங்கள், வேறு நாடுகளிலிருந்து வந்து அடுப்பு மூட்டியவர்கள் என எல்லோர் சமையலறைக்குள்ளும் அவர் போகிறார்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதும் சான்றாகாது. சமையல் கலைஞரும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்ன் 2016 மே மாதம் ஹனோயில் ஒபாமாவோடு சிறு பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து புன் சா என்ற வியட்நாமிய நூடுல்ஸ் உணவைச் சாப்பிட்டார். பில் 6 டாலர். அந்த மேசையை உணவகம் இன்று கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறது. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் வலதுசாரிப் பாடகர் டெட் நியூஜென்ட்டோடும் அதே போர்டெய்ன் விருந்துண்டவர். போர்டெய்ன் தன் அரசியல் கருத்துகளை ஒளித்தவரில்லை. அவற்றை அறிய அவர் எழுதியதையும் பேசியதையும் தேட வேண்டுமே தவிர, எதிரில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை அல்ல.

அமெரிக்காவில் தேர்தல் நன்கொடைப் பதிவேடு பொதுவெளியில் கிடைக்கிறது. கூட்டாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் அதில் பதிவாகும். ஊகத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் ஆளும் ஒருவரே என்று பாய்ந்துவிடக் கூடாது. ஊரும் தொழிலும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாததற்கும் பொருள் கற்பிக்க வேண்டாம். வாக்குச்சீட்டு அங்கும் இரகசியம்தான். வாய் திறக்காமல் இருப்பது அவர் உரிமை.

வெளிப்படையாகப் பேசியவரைப் பற்றி ஊகிக்க என்ன இருக்கிறது? மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களைப் பற்றி டிரம்ப் 2015இல் பேசியதைக் கண்டித்து, சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸ் வாஷிங்டனில் டிரம்பின் விடுதியில் தொடங்கவிருந்த உணவகத்தைக் கைவிட்டார். வழக்கு வந்தது, 2017இல் சமரசமாக முடிந்தது. நட்டத்துக்குத் துணிந்து எடுத்த நிலைப்பாடு அது. அதை மதிப்பதா எதிர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். அவர் 2010இல் தொடங்கிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பு பேரிடரில் போடும் சோற்றையும் கட்சிப் பிரசாரமாகப் படிப்பதுதான் எனக்கு வலிக்கிறது. வரிசையில் நிற்பவரிடம் அங்கே யாரும் கட்சி கேட்பதில்லை.

2018 நவம்பரில் வடக்குக் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. 85 பேர் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்காகப் பக்கத்து ஊரான சிகோவில் பெரிய அடுப்புகள் எரிந்தன. ஆண்ட்ரேஸின் அமைப்போடு சேர்ந்து அங்கே சமைத்தவர்களில் கய் ஃபியெரியும் ஒருவர்.