ஓங்குகிற கையைப் பிடியுங்கள், திருப்பி அடிக்காதீர்கள்

இரண்டு வயதுப் பிள்ளை பொம்மைக்காகப் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டால், "யாரைப் பார்த்துக் கத்துக்குதோ" என்று பதறுகிறோம். பெரும்பாலும் யாரைப் பார்த்தும் இல்லை. மான்ட்ரியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் சொன்னது இது: அடிப்பதும் தள்ளுவதும் 2 முதல் 4 வயதுக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு பேச்சும் பொறுமையும் வர வரக் குறையும். பிள்ளை கற்க வேண்டியது அடிக்காமல் இருப்பதைத்தான்.

கை ஓங்கும்போதே மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, கண்மட்டத்துக்குக் குனிந்து, "அடிக்கக் கூடாது, வலிக்கும். 'எனக்குத் தா'ன்னு கேளு" என்று சொல்லுங்கள். கேட்டு வாங்கினால் உடனே பாராட்டுங்கள். நாற்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள். "எப்படி வலிக்குது பார்" என்று தயவுசெய்து திருப்பி அடித்துக் காட்டாதீர்கள். பசி நேரத்திலும் தூக்கம் சொக்கும் நேரத்திலும்தான் கை அதிகம் நீளும். அப்போது பக்கத்திலேயே இருங்கள்.